மணியாச்சியில் மாற வேண்டும்

மணியாச்சி என்று பேச்செடுத்தால் அடுத்த வாக்கியத்தில் ஆஷ் துரை வந்துவிடுகிறார். அதற்கடுத்ததில் வாஞ்சிநாதன். மூன்றாவது வாக்கியம் என்று ஒன்று இருப்பதில்லை. ஆஷ் அயர்லாந்துக்காரர், திருநெல்வேலியில் கலெக்டராக இருந்தவர். வாஞ்சி செங்கோட்டைக்காரர், அன்றைய திருவிதாங்கூர்ப் பிரஜை, புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். இருவருக்கும் மணியாச்சியில் ஒரு சோலியும் கிடையாது. ஒருவர் வண்டிக்காகக் காத்திருந்தார், இன்னொருவர் அவரைச் சுடுவதற்காகக் காத்திருந்தார். ஊருக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு இவ்வளவுதான். இந்த உறவை வைத்துக்கொண்டு ஓர் ஊர் நூறு வருஷத்துக்கு மேலாகத் தன் பெயரை நடத்திக்கொண்டு வருகிறது. வழிப்போக்கர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டதை ஊரின் வரலாறு என்று சொல்லலாமா என்பது நெடுநாளாக எனக்குள் நெருடிக்கொண்டிருக்கும் சங்கதி. தியாகத்தைக் குறைத்துப் பேசும் எண்ணமோ, கொலையை நியாயப்படுத்தும் எண்ணமோ இதில் இல்லை. சந்தேகம் ஊரைப் பற்றியது. ஒரு ஜங்ஷனுக்கு வரலாறு என்று ஒன்று சொந்தமாக இருக்க முடியுமா, அல்லது வந்துபோகிறவர்கள் விட்டுச் சென்றதைக் காவல் காப்பதுதான் அதற்கு விதித்த வேலையா?

மதுரையிலிருந்து தெற்கே வரும் பாதை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் என்று கரிசலை அறுத்துக்கொண்டு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று வானத்தைப் பார்த்துக் கிடக்கும் காடு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி. கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கைவரை போகும். மழைக்குப் பிறகு அதே மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் அனுப்பும். மணியாச்சியிலிருந்து தென்மேற்கே போனால் தாமிரபரணி, நெல்வயல், வாழை. கிழக்கே போனால் உப்பளம், கடல். ஆற்றங்கரைத் திருநெல்வேலிக்கும் கடற்கரைத் தூத்துக்குடிக்கும் இங்கிருந்து ஏறத்தாழ ஒரே தூரம்: முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய. நடுவில் இருக்கும் மணியாச்சிக்கு ஆறும் இல்லை, கடலும் இல்லை. இருப்பது காற்று. ஆனி பிறந்துவிட்டால் மேற்கு மலையின் கணவாய் வழியே புகுந்து வரும் மேலக்காற்று, பனை ஓலையை நாளெல்லாம் உரசிக்கொண்டே இருக்கும். கயத்தாறுப் பக்கம் வரிசை கட்டி நிற்கும் காற்றாலைகள் இந்தக் காற்றை நம்பி வந்தவை.

சரித்திரத்துக்கும் இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. பாஞ்சாலங்குறிச்சி இதே ஓட்டப்பிடாரம் வட்டாரம். கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட கயத்தாறு அடுத்த ஊர் மாதிரி. வ.உ.சி. 1872இல் பிறந்தது ஓட்டப்பிடாரத்தில். பாரதி பிறந்த எட்டயபுரமும் எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. மணியாச்சியும் ஒரு காலத்தில் தனிப் பாளையம், பிறகு ஜமீன். ஆனால் பாளையக்காரர் வரிசையைச் சொல்லும்போது மணியாச்சி என்ற பெயரில் வாய் நிற்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. சுற்றிலும் பல ஊர்கள் தாங்கள் பெற்ற பிள்ளைகளால் பெயர் வாங்கியிருக்க, மணியாச்சி மட்டும் தண்டவாளம் பிரிந்ததால் பெயர் வாங்கியது. 1876 ஜனவரி முதல் தேதி தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர் கேஜ் பாதையைத் திறந்தது. அதிலிருந்து கிளைத்துத் திருநெல்வேலிக்கு ஒரு துண்டுப் பாதை. அது கிளைத்த இடம் மணியாச்சி. வேறெங்கும் கிளைத்திருக்கலாம். கடம்பூரில் கிளைத்திருந்தால் நாம் கடம்பூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். கம்பெனிக்கு வேண்டியிருந்தது பருத்தி துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதும், மாவட்டத் தலைநகரைத் தொட்டுக்கொள்வதும். இரண்டையும் குறைந்த இரும்பில் முடிக்க ஒரு கவட்டை தேவைப்பட்டது.

கவட்டை பிரியும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தண்டவாளங்களுக்கு உள்பக்கமாக, நுனி சீவிய இரண்டு தண்டவாளங்கள். அவை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்போது மறுபக்கம் சற்று விலகியிருக்கும். விலகல் என்றால் ஒரு சாண்கூட இல்லை. நாலு அங்குலம், நாலரை அங்குலம். அவ்வளவு இடைவெளி இந்தப் பக்கம் இருந்தால் வண்டி திருநெல்வேலி, அந்தப் பக்கம் இருந்தால் தூத்துக்குடி. முன்பெல்லாம் கேபினில் ஆள் உயரத்துக்கு நிற்கும் லீவரைப் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் காலை ஊன்றி, இடுப்பை வளைத்து இழுப்பார். கம்பி வழியாகச் சிக்னலும், இரும்புத் தண்டு வழியாகப் பாயிண்டும் தூரத்தில் அசையும். இழுத்தவரின் கண்ணுக்கு அது அசைந்தது தெரியாது, கைக்குத் தெரியும். கையில் இடறினால் நடுவில் ஒரு கல் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். இன்று மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. ஜல்லிக்குப் பக்கத்தில் மூடிபோட்ட ஒரு பெட்டி, சிறு உறுமல், ஒரு சொடுக்கு, முடிந்தது. தண்டவாளத்தில் தடவிய கிரீஸில் கரிசல் தூசி ஒட்டி, வெயிலில் காய்ந்து, பொருக்காக நிற்கிறது. ஓர் ஊர் உண்டாகக் காரணம் என்று சுட்டிக்காட்ட வேண்டுமானால் இதைத்தான் சுட்ட வேண்டும்: நாலங்குல நகர்வு.

இந்தக் கவட்டையில் எனக்குப் பிடிபடாத விளையாட்டு ஒன்று உண்டு. கட்டியபோது தூத்துக்குடிப் பாதைதான் தாய்ப்பாதை, திருநெல்வேலி கிளை. சென்னையிலிருந்து வந்தவர்கள் தூத்துக்குடியில் இறங்கிக் கப்பலேறிக் கொழும்பு போனார்கள். போட் மெயில் என்ற பெயரே அதனால் வந்தது. 1904இல் மலையைக் குடைந்துகொண்டு பாதை செங்கோட்டை வழியாகக் கொல்லம்வரை போனது. 1981இல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு அகலப்பாதை வந்தது. தொண்ணூறுகளில் மணியாச்சியின் மீட்டர் கேஜும் அகலப்பாதையானது. இப்போது கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகிற வண்டிகளெல்லாம் அன்றைய கிளையில் பாய்ந்து போகின்றன. அன்றைய தாய்ப்பாதையில் தூத்துக்குடியோடு நின்றுவிடும் வண்டிகள் மட்டும் போகின்றன. எது தாய், எது கிளை என்பது தலைகீழாகிவிட்டது. அதற்காகக் கவட்டையை இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மனிதர்கள் போக விரும்பிய இடம் மாறியது, அவ்வளவுதான். ஜங்ஷன் இரண்டு காலத்திலும் அதே இடத்தில் நின்று, இரண்டுக்கும் வழிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கவட்டையின் இரண்டு கால்களும் ஸ்டேஷனின் ஒரே முனையிலிருந்து பிரிவதால், பக்கத்து ஊர்களான நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ரயிலில் போகிறவர் வடக்கே மணியாச்சிவரை ஏறி, இன்ஜினை மறுமுனையில் மாட்டியபின், மறுபடி இறங்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் நேர்வழி. காரியம் உள்ளவர் யாரும் அந்த ரயிலை நம்பமாட்டார். ஆனால் வந்த திசையிலேயே பெட்டி திரும்ப நகரும்போது, உட்கார்ந்த இடம் மாறாமலே முன்னிருக்கை பின்னிருக்கையாகிவிடும் அந்தச் சில நொடிகளில், இடம் என்பது எவ்வளவு சொற்பமான ஏற்பாடு என்று தோன்றிவிடுகிறது.

1911 ஜூன் 17 காலை நடந்ததும் இந்த ஏற்பாட்டுக்குள் நடந்ததுதான். ஆஷும் அவர் மனைவியும் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து கிளைப்பாதை வண்டியில் மணியாச்சி வந்து, தூத்துக்குடியிலிருந்து பத்து நாற்பத்தெட்டுக்கு வர வேண்டிய போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். காத்திருக்க வேண்டிய நேரம் பத்து நிமிடம். தூத்துக்குடி தாய்ப்பாதையாகவும் திருநெல்வேலி கிளையாகவும் இருந்ததால் உண்டான பத்து நிமிடம் அது. கலெக்டர் ஒருவர், காவல் சூழாமல், எங்கும் நகராமல், எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருப்பார் என்பதை ரயில்வே கால அட்டவணை அச்சடித்துக் கொடுத்திருந்தது. வாஞ்சி சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூஸுக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். கூட வந்த மாடசாமி தப்பினார், பிறகு பிடிபடவே இல்லை. ஆஷை வந்த வழியிலேயே திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கங்கைகொண்டான் அருகே உயிர் போயிற்று. ஆக, அந்தச் சாவுகூட மணியாச்சியில் நிகழவில்லை. வாஞ்சி பிறந்த செங்கோட்டையும் வேலை பார்த்த புனலூரும் திருநெல்வேலியோடு ஒரே தண்டவாளத்தில் கோக்கப்பட்டு அப்போது ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. கொடைக்கானல் மலையேறப் போகிறவரையும் புனலூர் மலையிலிருந்து வந்தவரையும் ஒரே பிளாட்பாரத்தில் நிறுத்தியது அந்த இரும்பு. கோபத்தின் காரணங்கள் வேறிடத்தில் இருந்தன: வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இன் கோரல் மில் வேலைநிறுத்தம், அவருடைய சிறைவாசம், திருநெல்வேலிக் கலகம், அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ் நடந்துகொண்ட விதம். இவையெல்லாம் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் விளைந்தவை. மணியாச்சி அவற்றுக்குக் களம் மட்டும் கொடுத்தது.

பின்னால் நினைவுகளைப் பங்கு போட்டபோதும் இப்படித்தான் ஆயிற்று. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில். ஆஷுக்கு எழுப்பிய எண்கோண மண்டபம் தூத்துக்குடியில். வாஞ்சியின் சிலை செங்கோட்டையில். மணியாச்சிக்குக் கிடைத்தது பெயர்ப்பலகையில் முன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு சொல். வாஞ்சி மணியாச்சி என்று மஞ்சள் பலகை மூன்று மொழியில் சொல்கிறது. பேச்சில் எல்லோருக்கும் அது மணியாச்சிதான். எனக்கு நெருடுவது பெயர் வைத்தது அல்ல, வைத்ததோடு கடமை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டது. அந்தப் பெயரையும் அமைதியாக இருக்க விடவில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் மிலேச்சர் என்றும் சனாதன தர்மம் என்றும் பேசுகிறது. முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் இங்கே வந்தால் கொல்வதற்கு மூவாயிரம் பேர் உறுதி எடுத்திருப்பதாகச் சொல்கிறது. அந்தச் சொற்களைக் காட்டி, இது தேசபக்தியா வர்ணாசிரமக் கோபமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர்கொடுத்தவனிடம் சொல்லாராய்ச்சி எதற்கு என்று மறுதரப்பு கொதிக்கிறது. ஆஷை ஒடுக்கப்பட்டோரின் நண்பராக்கும் கதைகளும் ஆதாரத்துக்குக் காத்திராமல் கைமாறிக்கொண்டிருக்கின்றன. என் வரையில் அந்தக் கடிதத்தின் சாதிமொழி உண்மை, அந்த உயிர்ப்பலியும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியாது. ஆனால் இந்த வழக்காட்டில் மணியாச்சிக்காரர் எவருக்கும் வாய் இல்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அன்று பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கு வரலாற்றில் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய பதவி சாட்சி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

அதே பிளாட்பாரத்தை அதே வருஷங்களில் கடந்துபோன வேறொரு கூட்டம் இருக்கிறது. அதற்குச் சாட்சிப் பதவிகூடக் கிடைக்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். கங்காணி முன்னே நடக்க, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரச் சீட்டோடு, பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள தட்டப்பாறையில் அவர்களை நிறுத்திவைத்து, நோய்நொடி பார்த்து, கப்பலேற்றும் முகாம் இருந்தது. சுதேசிக் கப்பலும் பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பலும் கட்டணத்தைக் குறைத்து அடித்துக்கொண்டபோது, அந்தச் சண்டைக்குக் காரணமான கொழும்புப் பயணிகளில் பலர் இந்தக் கவட்டையைத் தாண்டித்தான் துறைமுகம் சேர்ந்திருப்பார்கள். ஒரு துப்பாக்கிச் சத்தத்துக்கு நூறு வருஷ ஆயுள் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆட்கள் கழுத்தில் எண்ணோடு கடந்துபோன சத்தத்துக்கு ஆயுள், வண்டி கிளம்பும்வரை. இதில் அநியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை. வாஞ்சி நின்றார், செய்தார், விழுந்தார். அவர்கள் நிற்கவே இல்லை. ஜங்ஷன் தன்னிடம் நின்றவர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது போலும். அந்தச் சுடுதல் நடந்து மூன்று வருஷம் ஆவதற்குள், 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. கொழும்புக்குப் போகிறவர்கள் அதன்பின் மணியாச்சி மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. தட்டப்பாறை முகாமின் வேலையும் மண்டபத்துக்கு மாறியது. ஆஷ் காத்திருந்த அந்த வண்டி சில வருஷம் முன்னதாகவே வழி மாறியிருந்தால் அந்தப் பத்து நிமிடமே இருந்திருக்காது. வாஞ்சி வேறு இடம் பார்த்திருப்பார். மணியாச்சி என்ற பெயர் கால அட்டவணையோடு நின்றிருக்கும்.

நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுப் பார்க்கிறேன். ஸ்டேஷனின் அன்றாடம் அப்படியேதான் இருந்திருக்கும். இன்ஜின் நிற்கும் இடத்தில் நல்ல தண்ணீர் வேண்டும். கரிசல் கிணறுகளில் பெரும்பாலும் உப்புத்தண்ணீர். அதை ஊற்றினால் பாய்லருக்குள் சுண்ணாம்பு படியும். குடிக்கிற தண்ணீருக்கு மனிதர்கள் அலைந்த காட்டில் நிலக்கரி இன்ஜின் நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றது. மே மாத வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளியாமல் பார்த்துக்கொண்டு, சுத்தியலும் சாவியுமாக நடந்த கீமேன்கள். ஜல்லி அடித்த கேங்மேன்கள். தூக்கம் கலையாத பயணியிடம் பெட்டிக்குப் பெட்டி போய், தூத்துக்குடிக்குப் போகிற பெட்டி இது இல்லை என்று சொல்லி இறக்கிவிட்ட போர்ட்டர்கள். தூத்துக்குடி இணைப்புப் பெட்டிகளை நீண்ட வண்டியின் வாலிலிருந்து கழற்றி நிறுத்தும் வழக்கம் நம் காலம்வரை இருந்தது. கழற்றிய பெட்டியில் மின்விசிறி நின்றுபோகும். வண்டியின் பெரும்பகுதி போய்விட்டபின் எஞ்சிய பெட்டிகளில் சட்டென்று இறங்கும் அமைதியில், பக்கத்துப் பெட்டியில் குழந்தை அழுவதும், யாரோ தூக்குவாளியைத் திறப்பதும், கடம்பூரில் வாங்கிய போளியின் நெய்வாசமும் தனித்தனியாகத் தெரியும். வேறொரு இன்ஜின் வந்து முட்டி, பெட்டி ஒரு குலுக்கு குலுங்கி, யாராவது ஒருவர் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். பத்து நிமிடமோ முக்கால் மணியோ, முன்பின் தெரியாதவர்கள் ஒரே காரணத்துக்காகச் சும்மா இருப்பது என்பது நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்கும் துஷ்டி வீட்டுக்கும் வெளியே அரிதாகத்தான் வாய்க்கிறது. மணியாச்சி அதைத் தினமும் செய்துகொடுத்தது. இதை வரலாறு என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. தேதி இல்லாததால்.

இப்போது மின்கம்பியும் இரட்டைப் பாதையும் வந்துவிட்டன. எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் கிராசிங் காத்திருப்பு போய்விட்டது. தூத்துக்குடிக்கு அருகே மீளவிட்டானிலிருந்து மேலமருதூர்வரை புதுப்பாதை போட்டாயிற்று. அது அருப்புக்கோட்டை வழியாக மதுரையை எட்டும் திட்டம் முழுமையானால், தூத்துக்குடி வண்டிகளுக்கு மணியாச்சி வேண்டியதில்லை என்றாகிவிடலாம். அன்றைய தாய்ப்பாதைக்கு மணியாச்சி தேவையில்லாமல் போனால், நாலங்குல நகர்வுக்கும் பெரிய வேலை இருக்காது. ஊரின் இருப்புக்குக் காரணமான ஒன்று போய்விடும் என்று வருத்தப்பட வேண்டியதுதானே? எனக்கு அவ்வளவு வருத்தமாக இல்லை. மற்றவர்கள் மாறிப் போவதற்காக ஓர் ஊர் ஒன்றரை நூற்றாண்டு நின்றது போதும். மணியாச்சியில் யாரும் மாற வேண்டியிராத நாள் வந்தால், அன்று அங்கே இறங்குகிறவர் மணியாச்சிக்கே வந்தவராக இருப்பார். அப்படி வருகிறவர் ஊர்க்காரர்களிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கின்றன: ஸ்டேஷனுக்கு நிலம் கொடுத்தது யார், தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, தட்டப்பாறைக்குப் போன கூட்டத்தில் இந்த ஊர்ப் பெயர் எத்தனை, திரும்பி வந்தவர் உண்டா. இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு, ஆஷும் வாஞ்சியும் தங்களுக்குரிய வாக்கியங்களில் இருந்துகொள்ளட்டும். மூன்றாவது வாக்கியத்தை ஊர் சொல்லும்.